முன்பணம் திரும்பி வரும் தேதி

அன்புள்ள ஐயா,

ஆறு வருடம் ஒரே வீட்டில் இருந்துவிட்டு இப்போது வீடு மாறுகிறோம். நான், மனைவி, இரண்டாம் வகுப்புப் படிக்கும் மகள். இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. புது வீடு அலுவலகத்துக்குப் பக்கம். ஆனால் வாடகை என் வருமானத்தில் 32 சதவீதம் வருகிறது. இப்போது கொடுப்பது 25தான். முப்பதைத் தாண்டக்கூடாது என்று எல்லோரும் சொல்வதால் ஒரு பயம்.

கையில் இருக்கும் சேமிப்பு, புது வாடகைக் கணக்கில் ஐந்து மாதத் தொகை. அங்கே முன்பணம் மூன்று மாதம். இங்கே நான் கொடுத்திருப்பது திரும்பி வந்தால் இரண்டு மாதத்துக்குச் சமம். ஆக, முன்பணத்துக்கு ஒன்று, முதல் மாத வாடகை ஒன்று, லாரிக்கும் ஆட்களுக்கும் அரை. இரண்டரையில் முடிந்துவிடுகிறது. மீதியில் சோபாவும் கட்டிலும் புதிதாக வாங்கலாம் என்று நினைக்கிறோம். அங்கே வாடகை 1ஆம் தேதியிலிருந்து ஆரம்பம், இங்கே காலி செய்வது 10ஆம் தேதி. தரகர் மூலமாகத்தான் வீடு அமைந்தது. என் கணக்கு சரியா?

கா.

அன்புள்ள கா.,

கூட்டல் சரியாகத்தான் இருக்கிறது. இடிக்கிற இடம் ஒன்று. பழைய முன்பணம் இன்றைக்கே கைக்கு வந்துவிட்டது போல அதைக் கழித்திருக்கிறீர்கள். அது வரப்போவது நீங்கள் காலி செய்து, வீட்டுக்காரர் வந்து சுற்றிப் பார்த்து, மின்கட்டணம் பாக்கி இல்லை என்று தெரிந்து, அதற்கும் அப்புறம். புது வீட்டுக்காரர் முன்பணம் கேட்பது சாவி கொடுப்பதற்கு முன்னால். இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் வாரங்களில்தான் குடும்பங்கள் கைமாற்று கேட்டு அலைகின்றன. மொத்தச் செலவு யாருக்கும் பெரிதாகத் தப்புவதில்லை, தேதிதான் தப்புகிறது.

உங்கள் கணக்கையே தேதி வைத்துப் போட்டுப் பார்த்தேன். வாடகையை அலகாக வைத்தது நல்ல யோசனை, நானும் அப்படியே வைத்துக்கொள்கிறேன். முன்பணம் மூன்று, முதல் மாத வாடகை ஒன்று, லாரியும் ஆட்களும் அரை. தரகு உங்கள் பட்டியலில் இல்லை. எவ்வளவு என்று நீங்கள் எழுதாததால் ஒரு மாத வாடகை என்று வைக்கிறேன். 1 முதல் 10ஆம் தேதி வரை இரண்டு வீட்டுக்கும் வாடகை ஓடும், பழைய வாடகையில் பத்து நாள் என்றால் புதுக் கணக்கில் கால். அப்புறம் சில்லறைச் செலவு: பல்புகள், திரைச்சீலை, பூட்டு, தண்ணீர்க் குழாய்க்கு வாஷர், இணைய இணைப்பை மாற்றும் கட்டணம். தனித்தனியாகப் பார்த்தால் ஒன்றுமில்லை என்று தோன்றும். சேர்த்தால் அரை மாத வாடகை வரை போய்விடும். மொத்தம் ஆறேகால். உங்கள் கையில் இருப்பது ஐந்து. சோபா இன்னும் கணக்கிலேயே வரவில்லை, அதற்குள் ஒன்றேகால் துண்டு விழுகிறது. நடுவில் சம்பளம் வரும்தான். அது அந்த மாதச் சாப்பாட்டுக்கும் பள்ளிக் கட்டணத்துக்கும் சரியாக இருக்கும், அதைத் தொடவேண்டாம்.

பயப்படவேண்டியதில்லை, சரிசெய்ய ஐந்து வாரம் இருக்கிறது. முதல் வேலை, புது வீட்டுக்காரரிடம் முன்பணத்தை இரண்டு தவணையாகக் கேளுங்கள். பாதி கையெழுத்துப் போடும் அன்று, மீதி ஒரு குறிப்பிட்ட தேதியில். “கொஞ்சம் பொறுத்துத் தருகிறேன்” என்றால் யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். தேதியைச் சொல்லி, அதை ஒப்பந்தத்திலும் எழுதுங்கள் என்று நீங்களே சொன்னால் பலரும் யோசிப்பார்கள். அப்படி அமைந்தால் உங்களுக்குத் தேவை நாலேமுக்கால்தான், சேமிப்புக்குள் அடங்கிவிடும். அந்தத் தேதியைச் சொல்ல வேண்டுமானால் பழைய வீட்டுக்காரர் எப்போது திருப்பித் தருவார் என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவரிடம் இந்த வாரமே கேளுங்கள். வாய்வார்த்தையாகச் சொன்னால், “நீங்கள் சொன்னபடி இந்தத் தேதி” என்று ஒரு குறுஞ்செய்தி அனுப்பி வையுங்கள். கடைசி மாத வாடகையை முன்பணத்தில் கழித்துக்கொள்ளச் சம்மதிப்பாரா என்றும் கேட்கலாம். அவர் சம்மதித்தால் மட்டும். நாமாகவே வாடகையை நிறுத்திவிட்டுக் கழித்துக்கொள்ளச் சொன்னால் கடைசி நாளில் சண்டைதான்.

அந்த முன்பணம் முழுசாக வரும் என்று நம்பியிருக்கிறீர்களே, அதைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். பல வருடங்களுக்கு முன்பு நாங்கள் ஒரு வீட்டைக் காலி செய்தோம். ஆட்கள் படுக்கையறை அலமாரியைச் சுவரிலிருந்து நகர்த்தியதும், பின்னால் ஒரு பெரிய தாம்பாளம் அளவுக்கு ஈரக்கறை. ஓரத்தில் சுண்ணாம்பு பொருக்காக உரிந்து நின்றது. வீட்டுக்காரர் அதைத் தொட்டுப் பார்த்தார், விரலில் ஒட்டிய பொடியைத் தட்டிவிட்டு, “இது நீங்கள் இருந்தபோது வந்தது” என்றார். அந்தக் கறையை மறைக்கத்தான் குடிவந்த அன்றே அலமாரியை அங்கே நகர்த்தி வைத்தோம். எனக்கும் என் மனைவிக்கும் அது நன்றாக நினைவிருக்கிறது. ஆனால் காட்ட ஒரு படம் இல்லை. சுவர் முழுவதற்கும் வர்ணம் அடிக்கும் செலவைப் பிடித்துக்கொண்டுதான் மீதியைக் கொடுத்தார். அந்த மாதம் நாங்கள் பட்ட நெருக்கடி எனக்கு இன்னும் மறக்கவில்லை.

அதனால் புது வீட்டில் ஒரு சாமான்கூட இறங்குவதற்கு முன்னால், காலி வீட்டை அறை அறையாகப் படம் எடுங்கள். சுவர்கள், கூரை மூலைகள், கழுவுதொட்டிக்கு அடியில், ஜன்னல் சட்டம், ஏற்கெனவே இருக்கும் ஆணி ஓட்டைகள், மின்மீட்டரில் ஓடியிருக்கும் எண். அன்றே அவற்றை வீட்டுக்காரருக்கு அனுப்பிவிடுங்கள். உங்கள் செல்பேசியில் மட்டும் இருக்கும் படத்துக்கு அவ்வளவு பலம் கிடையாது, அவருக்கும் அன்றே போய்ச் சேர்ந்த படத்துக்கு உண்டு. பழைய வீட்டையும் சாமான் போனபிறகு அதேபோல எடுத்து வையுங்கள்.

இனி அந்த 32 சதவீதம். முப்பது என்பது ஏதோ இயற்கை விதி போலப் பேசப்படுகிறது. அது அரசுக் குடியிருப்புகளுக்காக அமெரிக்காவில் வைத்த வரம்பு. 1969இல் சட்டம் போட்டபோது வருமானத்தில் 25 சதவீதம் என்றுதான் வைத்தார்கள், 1981இல் அதை 30 ஆக்கினார்கள். அதற்கும் நூறு வருடத்துக்கு முன்னால், 1868இல், ஹெர்மன் ஷ்வாபே என்ற புள்ளியியலாளர் பெர்லின் நகரத்துக் குடும்பங்களின் கணக்கைப் பார்த்து, வருமானம் குறையக் குறைய அதில் வாடகைக்குப் போகும் பங்கு கூடுகிறது என்று காட்டினார். ஒரே சதவீதம் எல்லா வீட்டிலும் ஒரே பாரமாக இருக்காது என்பது அப்போதே தெரிந்த விஷயம். வாடகை போக மிஞ்சுவதில் குடும்பம் நடக்குமா என்று பாருங்கள். அலுவலகம் பக்கத்தில் வருவதால் பயணச் செலவு குறையும், அதைக் கழியுங்கள். அங்கே பராமரிப்புக் கட்டணம், தண்ணீருக்குத் தனிக் கட்டணம் உண்டா என்று கேட்டு, இருந்தால் கூட்டுங்கள். இவற்றை வாடகையோடு சேர்க்காமல் ஒப்பிடுவதில் அர்த்தமில்லை.

இன்னும் நம்பிக்கை வரவில்லையா? நடுவில் வரும் ஒரு சம்பளத்தில் அந்த ஏழு சதவீதத்தை முதல் நாளே எடுத்துத் தனியாக வைத்துவிட்டு மாதத்தை ஓட்டிப் பாருங்கள். கையைக் கடித்தால் எங்கே கடிக்கிறது என்று தெரிந்துவிடும். எடுத்து வைத்தது சில்லறைச் செலவுக்கு உதவும்.

சோபாவும் கட்டிலும் இப்போது வேண்டாம் என்பதுதான் என் அபிப்பிராயம். பணத்துக்காக மட்டும் சொல்லவில்லை. புது வீட்டு வாசலின் அகலத்தையும் மாடிப்படி திரும்பும் இடத்தையும் அளந்தீர்களா? இப்போது இருக்கும் கட்டில் ஏறுமா என்பதை முதலில் பாருங்கள். மூன்று மாதம் அங்கே வாழ்ந்தால் வெயில் எந்தப் பக்கம் விழுகிறது, மகள் எந்த மூலையில் உட்கார்ந்து படிக்கிறாள் என்பதெல்லாம் தெரியும். அதற்குப் பிறகு வாங்குவது வீட்டுக்குப் பொருந்தும்.

வாங்குவதைவிடக் கழிப்பதில் நேரத்தைச் செலவிடுங்கள். ஆறு வருடத்தில் பரணில் எவ்வளவோ சேர்ந்திருக்கும். லாரியின் அளவும் ஆட்களின் எண்ணிக்கையும் அதை வைத்துத்தான் முடிவாகும். புத்தகங்களை மட்டும் பெரிய பெட்டியில் போடாதீர்கள். ஒன்றரை அடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் உள்ள பெட்டி நிறையப் புத்தகம் அடுக்கினால் 25 கிலோவைத் தொடும். அடி பிய்ந்துவிடும், தூக்குபவர் இடுப்பும் போய்விடும். அடியில் புத்தகம், மேலே பாதிக்குத் துணி என்று கலந்து போடுங்கள்.

குளிர்சாதனப் பெட்டியை முந்தைய நாளே அணைத்து, பனி உருகித் தண்ணீர் வடிய விடுங்கள். நிமிர்த்தி வைத்தே ஏற்றச் சொல்லுங்கள். படுக்க வைத்துக் கொண்டுபோனால் கம்ப்ரஸரில் இருக்கும் எண்ணெய் குழாய்களுக்குள் போய்விடும், அதோடு உடனே ஓடவிட்டால் கம்ப்ரஸர் கெட்டுப்போகலாம். வேறு வழியில்லாமல் படுக்க வைத்திருந்தால், இறக்கி நிமிர்த்தியபின் சில மணி நேரம் விட்டுத்தான் இணைப்புக் கொடுக்க வேண்டும். துணி துவைக்கும் இயந்திரம் முன்பக்கம் கதவு உள்ளதா? வாங்கியபோது பின்னால் கழற்றிக் கொடுத்த நீண்ட போல்ட்டுகளைத் தேடி எடுங்கள். அவற்றைத் திரும்பப் பூட்டாமல் ஏற்றினால் உள்ளே டிரம் ஆடி அடிபடும். அங்கே போய் ஓடவிடும் முன் மறக்காமல் கழற்றிவிடுங்கள்.

கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒருமுறை இரவில் அந்த வீட்டுக்குப் போய்ப் பாருங்கள், மகளையும் கூட்டிக்கொண்டு. எல்லாக் குழாய்களையும் ஒரே நேரத்தில் திறந்து தண்ணீர் எப்படி வருகிறது என்று பாருங்கள். பழைய வீட்டுக்காரரிடமிருந்து தேதி கிடைத்ததும் எனக்கு எழுதுங்கள். அவர் பிடிகொடுக்காமல் பேசினால் அதையும் எழுதுங்கள், புது வீட்டுக்காரரிடம் என்ன கேட்கலாம் என்று சேர்ந்து யோசிப்போம்.

அன்புடன்.