எங்களுக்கு ஒரு ஜாயின்ட் அக்கவுண்ட் இருக்கிறது. கணவர் என் சம்பளத்தை முழுதாக வாங்கிக்கொள்கிறார், ஆனால் அடிப்பதில்லை, திட்டுவதில்லை. இதைக் கொடுமை என்று சொல்லலாமா?

"அடிப்பதில்லை" என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்ததும்தான் பதில் எழுத உட்கார்ந்தேன். நானும் பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்ட சமாதானம் அது.

வீட்டுக் கணக்கை ஒருவரே பார்த்துக்கொள்வது கொடுமை ஆகாது. என் அக்காவுக்கு வங்கிப் பக்கம் போகவே பிடிக்காது, எல்லாம் அத்தான்தான். ஆனால் அவள் கேட்டால் கணக்கைக் காட்டுவார், அவள் வேண்டாம் என்றால் அந்தச் செலவு நிற்கும். உங்களால் கணக்கைப் பார்க்க முடிகிறதா? வேண்டாம் என்று சொன்னால் வீட்டில் என்ன நடக்கிறது? இந்த இரண்டை மட்டும் யோசியுங்கள்.

எனக்கு "உனக்கு எதுக்கு இந்த அலைச்சல்" என்றுதான் ஆரம்பித்தது. சம்பளக் கணக்கில் பதிவான போன் எண் என் கணவருடையதாக மாறியது. அதற்கப்புறம் நான் எதற்குப் பணம் கட்டினாலும் ஓடிபி அவருக்குத்தான் போகும். ஒருமுறை பதவி உயர்வுத் தேர்வுக்குக் கட்டணம் கட்ட வேண்டும், கடைசி நாள். போன் செய்து எண்ணைக் கேட்டேன். "எதுக்கு?" சொன்னேன். "இப்ப என்ன அவசரம்?" அதையும் சொன்னேன். "சரி, உங்க ஆபீஸ்ல வேற யார் எழுதறாங்க?" திரையில் விநாடிகள் குறைந்துகொண்டே வந்து நேரம் முடிந்துவிட்டது. மறுபடி ஓடிபி, மறுபடி முதலிலிருந்து கேள்வி. குரலை உயர்த்தவே இல்லை, சிரித்துக்கொண்டேதான் பேசினார். அந்தத் தேர்வை நான் எழுதவில்லை.

"பொறுப்பான மனுஷன், இதுக்குப் போய் கொடுமையா" என்று கீழே யாராவது எழுதுவார்கள். எழுதட்டும். இந்தியாவின் 2005 குடும்ப வன்முறைச் சட்டம் பொருளாதார ரீதியான துன்புறுத்தலையும் வன்முறையில்தான் சேர்க்கிறது. பிரிட்டனின் 2021 சட்டமும் அப்படித்தான். ஆண்களைக் குறை சொல்கிறேன் என்றும் வராதீர்கள். மனைவியிடம் பஸ் காசுக்குக் கையேந்திய ஒருவர் என்னுடன் வேலை பார்த்தார், பாவம், வெளியே சொல்லவும் முடியாது.

நான் சண்டை போட்டு வெளியே வரவில்லை. வேறு வங்கியில் கணக்கு திறந்தேன். அதே வங்கி என்றால் பழைய போன் எண்ணும் முகவரியும் கூடவே ஒட்டிக்கொண்டு வரும். புது சிம், புது மெயில், வீட்டுக்குக் கடிதம் எதுவும் வராதபடி ஏற்பாடு. சான்றிதழ், அடையாள அட்டை நகல்களெல்லாம் அக்காவிடம். கடன் அறிக்கையை எடுத்துப் பார்த்தால் என் பெயரில் எனக்கே தெரியாத தனிநபர் கடன் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது! நீங்களும் அதை எடுத்துப் பாருங்கள். சம்பளத்தைப் புதுக் கணக்குக்கு மாற்றச் சொல்லி அலுவலகத்தில் எழுதிக் கொடுத்தது கடைசியில்தான், தங்க இடம் உறுதியான பிறகு. சம்பளம் விழாத அன்றே அவருக்குத் தெரிந்துவிடும். பிடி நழுவும்போது அதுவரை கை ஓங்காதவர்களும் ஓங்கலாம்.

இன்னொன்றையும் சொல்லியே ஆக வேண்டும். பழைய கணக்கில் என் எண்ணைப் போடச் சொல்லிப் போனபோது கவுன்டரில் இருந்தவர் "சாருக்குத் தெரியுமா மேடம்?" என்றார். கணக்கு என்னுடையது, எதிரே நிற்பதும் நான். அதோடு விட்டாரா? உதவி செய்வதாக நினைத்து அந்தப் பழைய எண்ணுக்கே போன் போட்டார். நல்லவேளை, அதற்குள் நான் அக்கா வீட்டுக்கு மாறியிருந்தேன். ஒரு ஆண் போய் நின்றால் "மேடத்துக்குத் தெரியுமா" என்று கேட்பார்களா? நினைத்தால் இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

உங்கள் கேள்வியில் ஜாயின்ட் அக்கவுண்ட் என்று ஒரு வார்த்தை இருக்கிறது. இருவரில் யாரும் எடுக்கலாம் என்ற வகையாக இருந்தால், அவர் ஒருவரே மொத்தத்தையும் எடுத்துவிட முடியும். அதில் இருப்பதை நம்பித் திட்டம் போடாதீர்கள். அவர் கைக்குப் போகும் போனில் இதைப் படித்தால், படித்ததும் ஹிஸ்டரியை அழித்துவிடுங்கள்.