மோட்டாரைப் பிரித்துப் பார்க்கும் பெண்ணைக் கணினிப் படிப்புக்குத் தள்ள வேண்டுமா?

அம்மா, உங்கள் கடிதத்தில் மகளைப் பற்றி நாலு வரிதான் இருக்கிறது, உங்கள் மைத்துனரைப் பற்றி ஒரு பக்கம். கணினிப் பொறியியல் படிக்காவிட்டால் பிள்ளையின் எதிர்காலம் போச்சு என்று அவர் சொல்கிறார், அதற்காக வீட்டை அடமானம் வைக்கலாமா என்று நீங்கள் கேட்கிறீர்கள். பதற்றப்படாதீர்கள், இன்னும் எதுவும் கைமீறிப் போகவில்லை. சரி, ஆறுதல் இவ்வளவு போதும். வைக்கக் கூடாது.

கோடிங் வகுப்பைப் பாதியில் விட்டவள், எரிந்துபோன பம்ப் மோட்டாரைப் பிரித்து வைத்துக்கொண்டு ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்தாள் என்று ஏதோ குறை மாதிரி எழுதியிருக்கிறீர்கள். அவள் கேட்ட கேள்வியையும் போகிற போக்கில் சொல்லியிருக்கிறீர்கள்: கணக்குப்படி 1500 சுற்று வர வேண்டிய மோட்டாரின் பெயர்ப்பலகையில் ஏன் 1440 என்று போட்டிருக்கிறது? உங்கள் கடிதத்தில் உருப்படியான விஷயம் அதுதான். 50 ஹெர்ட்ஸில் நாலு துருவ மோட்டாரின் காந்தப்புலம் நிமிடத்துக்கு 1500 முறை சுற்றும், உள்ளே சுழலும் பாகமான ரோட்டார் கொஞ்சம் பின்தங்கும், அந்தப் பின்தங்கல் இல்லையென்றால் அதைச் சுழற்றும் முறுக்குவிசையே பிறக்காது. இதைத் தானாகக் கேட்கிற பிள்ளைக்கு என்று ஒரு துறை இருக்கிறது. தொழிற்சாலை மோட்டார்களின் வேகத்தையும் முறுக்குவிசையையும் கட்டுப்படுத்தும் டிரைவ் துறை. மருத்துவம், கணக்கியல், அரசுத் தேர்வு பற்றியெல்லாம் உறவினர்களே சொல்லிவிடுவார்கள், எனக்கு அங்கே வேலை இல்லை.

உலகில் உற்பத்தியாகும் மின்சாரத்தில் ஏறத்தாழ பாதியை மோட்டார்கள்தான் செலவழிக்கின்றன. ஒரு பெரிய விசிறியை 80 சதவீத வேகத்தில் ஓட்டினால் அதற்கு வேண்டிய திறன் பாதியாகக் குறைந்துவிடும், ஏனென்றால் அங்கே திறன் வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தோடு போகிறது. ஆனால் வேகத்தைக் குறைப்பது ஏதோ குமிழைத் திருகுகிற சங்கதி இல்லை. 400 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் மோட்டாரை 25 ஹெர்ட்ஸுக்கு இறக்கினால் வோல்டேஜையும் 200க்கு இறக்க வேண்டும், இல்லையென்றால் இரும்பு காந்தத்தில் நிரம்பி, கரண்ட் எகிறி, சுருள் கருகும். 50க்கு மேலே போனால் வோல்டேஜ் ஏறாது, புலம் பலவீனமாகும், முறுக்குவிசை விழும்.

ஹெர்ட்ஸையும் வோல்டேஜையும் சேர்த்து மாற்றும் இந்த வழி விசிறிக்கும் பம்புக்கும் போதும். கிரேனுக்குப் போதாது. பிரேக்கை விடுவதற்கு முன்பே, வேகம் சைபராக இருக்கும்போதே, சுமையைத் தாங்கும் முறுக்குவிசை மோட்டாரில் வந்திருக்க வேண்டும், வராவிட்டால் சுமை சரிந்துவிடும். காகித ஆலையில் காகிதச் சுருள் பருக்கப் பருக்க வேகத்தைக் குறைத்து முறுக்குவிசையை ஏற்றிக்கொண்டே போகவேண்டும், பிசகினால் காகிதம் கிழியும். இதற்காகத்தான் வெக்டார் கன்ட்ரோல் வந்தது. மோட்டாரின் கரண்டைக் கணக்கில் இரண்டாகப் பிரித்து, ஒன்றைக் காந்தப்புலத்துக்கும் மற்றதை முறுக்குவிசைக்கும் தனித்தனியாக ஆள்வது. 1970களின் தொடக்கத்தில் சீமென்ஸில் பிளாஷ்கே இதை உருவாக்கினார், 1980களில் ஜப்பானின் தகாஹாஷியும் நோகுச்சியும் முறுக்குவிசையை நேரடியாகவே கட்டுப்படுத்தும் வேறொரு வழியைக் காட்டினார்கள். மோட்டாரை ஆளும் டிரைவ் என்ற கருவிக்குள் இன்று இந்தக் கணக்கு நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை ஓடுகிறது, அத்தனையும் யாரோ எழுதிய நிரல்தான். இதை மைத்துனரிடம் சொல்லுங்கள், கொஞ்சம் சமாதானமாவார்.

சுகமான வேலை என்று சொல்லமாட்டேன். இரைச்சல், வெக்கை, லைன் நின்றுபோனால் நடுராத்திரியில் போன். சீக்கிரம் நிற்கட்டும் என்று வேகம் படிப்படியாக இறங்குவதற்கான ராம்ப் நேரத்தை யாரோ குறைத்து வைத்திருப்பார்கள், மோட்டார் ஜெனரேட்டராக மாறி டிரைவுக்குள் மின்னழுத்தம் ஏறி டிரிப் ஆகும், அதாவது தானாகவே நின்றுவிடும், மிஞ்சுகிற மின்சாரத்தைச் சூடாக எரித்துவிடும் பிரேக்கிங் ரெசிஸ்டர் போட வேண்டுமா ராம்ப் நேரத்தைக் கூட்ட வேண்டுமா என்று நின்று யோசிக்க வேண்டும். கணக்கும் நன்றாக வரவேண்டும், அதில் சலுகை கிடையாது. மற்றபடி "பெண் பிள்ளைக்கு எதற்கு கிரீஸ் வேலை" என்று உங்கள் நாத்தனார் கேட்டதற்கு நான் பதில் சொல்வதாக இல்லை. லேப்டாப்பும் மீட்டரும் வரைபடமும் வைத்துச் செய்கிற வேலை அது, அதைச் செய்யப்போவது உங்கள் நாத்தனாரும் இல்லை.

கல்லூரியின் பெயரைப் பார்க்காதீர்கள், ஆய்வகத்தைப் பார்க்கக் கேளுங்கள். அங்கே டிரைவ் கண்ணாடிக்குள் இருக்கிறதா, மாணவர்கள் கைவைக்கிற இடத்தில் இருக்கிறதா? சுமை ஏற்றி ஓட்டிப் பார்க்கிறார்களா? காட்டத் தயங்கினால் திரும்பி வந்துவிடுங்கள். கடன் இல்லாமல் பட்டப்படிப்பு முடியாது என்றால் மின்னியல் டிப்ளமோவில் சேரட்டும், வேலைக்குப் போய்க்கொண்டே பட்டத்தை முடிக்கட்டும். இந்தத் துறையில் அது இரண்டாம்தர வழி இல்லை, சைட்டில் டிரிப்பைத் தீர்த்துப் பழகியவர்களுக்கு வகுப்பில் பாதி பாடம் ஏற்கெனவே தெரிந்திருக்கும்.

அப்புறம், எங்கிருந்தாவது பழைய டிரைவ் ஒன்றை வாங்கிவந்து அதையும் பிரிக்க உட்காருவாள், தடுக்காதீர்கள். ஆனால் மின்சாரத்தை நிறுத்திய கையோடு மூடியைத் திறக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவையுங்கள். 400 வோல்ட் டிரைவின் கெப்பாசிட்டர்களில் 560 வோல்ட் வாக்கில் டிசி தேங்கி நிற்கும், அது வடிய நிமிடக்கணக்கில் ஆகும். மூடியில் போட்டிருக்கிற நேரம் வரை காத்திருந்து, மீட்டர் வைத்துப் பார்த்த பிறகே கை உள்ளே போக வேண்டும்.