நிலத்துக்கு அடியில் புகை: யார் பொறுப்பு?

கேள்வி: எங்கள் ஊர்ப் பக்கம் சிமென்ட் ஆலைப் புகையிலிருந்து கரியமில வாயுவைப் பிடித்து பூமிக்குள் இறக்கலாம் என்று பேசிக்கொள்கிறார்கள். என் தென்னந்தோப்புக்கு அடியில் இறக்கினால் என்னைக் கேட்க வேண்டாமா? (வாசகர், வாளையார்)

பதில்: முதலில் பயத்தை விடுங்கள், பாலக்காட்டுக் கணவாய் முழுக்கக் கெட்டிப் பாறை. இந்த வாயுவுக்கு சுமார் 800 மீட்டருக்குக் கீழே நுண்துளை உள்ள படிவுப் பாறையும், மேலே கசியாத மூடிப் பாறையும் வேண்டும். அதனால் உங்கள் தோப்பில் குழாய் வேண்டுமானால் போகலாம், கிடங்கு வராது.

இந்தியாவில் இதற்கென்று தனிச்சட்டம் கிடையாது. 2022-இல் நிதி ஆயோக் ஒரு கொள்கை அறிக்கை தந்தது. குழாய் விஷயத்தில் ஒப்பிட்டுப் பார்க்க, பெட்ரோலியக் குழாய்க்கு 1962-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. அதில் நிலம் உங்களுடையதாகவே இருக்கும், பயன்பாட்டு உரிமையை மட்டும் எடுத்துக்கொண்டு நிலமதிப்பில் 10 சதவீதம் தருவார்கள், குழாய்க்கு மேலே மரம் வைக்க முடியாது. தென்னைக்காரர்களுக்கு இது எவ்வளவு வலிக்கும் என்று சொல்லவா வேண்டும்!

அமெரிக்காவில் வயோமிங் மாநிலம் 2008-லேயே அடிநிலத் துளைவெளி (வாயு தங்கும் பாறைத் துளைகள்) மேல்நிலக்காரருக்கே சொந்தம் என்று சட்டம் போட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2009 விதிப்படி கிடங்கை மூடிய பிறகும் பொதுவாகக் குறைந்தது 20 ஆண்டு நிறுவனமே பொறுப்பு, அப்புறம்தான் அரசு ஏற்கும். ஆலைக்காரர்கள் ஊர்க்கூட்டம் போட்டால் இந்த 20 ஆண்டுக் கணக்கை முதலில் கேளுங்கள்.