சென்னிமலைப் படியில் மூச்சு வாங்கும் பையனுக்கு

வணக்கம்ங்க அக்கா. 15 வயசுப் பையன், 92 கிலோ, சென்னிமலையின் 1320 படிகளில் கால்வாசிகூட ஏற முடியாமல் உட்கார்ந்துவிட்டான், மூச்சுப் பயிற்சிக் கருவி வாங்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். வாங்கலாம், ஆனால் முதலில் டாக்டரிடம் காட்டிவிடுங்கள். வீசிங், ரத்தசோகை, தூக்கத்தில் குறட்டையோடு மூச்சு நின்று நின்று வருவது, இதெல்லாம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஏறும்போது நெஞ்சுவலி, மயக்கம் வந்திருந்தால் தள்ளிப்போடவே கூடாது.

அவன் சோம்பேறி இல்லைங்க. வயிற்றுக் கொழுப்பு, நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் இருக்கும் மூச்சுத் தசையான உதரவிதானத்தை மேலே தள்ளுகிறது, நெஞ்சுக்கூட்டின் மேலும் கனம். மூச்சுத் தசைகள் கூடுதலாக உழைத்துச் சீக்கிரம் களைத்துவிடுகின்றன. சொந்தக்காரர்கள் முன்னால் அவனை அதட்டாதீர்கள், தயவுசெய்து.

மருந்துக்கடையில் கிடைக்கும் மூன்று பந்துக் கருவி இதற்கு ஆகாது. ஸ்பிரிங் வைத்து, உள்ளிழுக்கும் எதிர்ப்பைக் கூட்டிக் குறைக்கும் கருவி வேண்டும். பிசியோதெரபிஸ்ட் அவன் மூச்சை இழுக்கும் அதிகபட்ச அழுத்தத்தை அளந்து, பெரும்பாலும் அதில் 30 சதவீதத்துக்குக் கருவியின் எதிர்ப்பைத் திருகி வைத்துத் தொடங்குவார். நிமிர்ந்து உட்கார்ந்து, மூக்கில் கிளிப் மாட்டி, உதட்டை இறுக மூடி, வேகமாக இழுத்து மெதுவாக விட வேண்டும். காலை 30 மூச்சு, மாலை 30 மூச்சு என்பது வழக்கமான கணக்கு. தலை சுற்றினால் நிறுத்திவிடச் சொல்லுங்கள்.

இதனால் மட்டும் எடை குறையாது. நடக்கும்போது இரைப்பு குறைய உதவலாம், அதனால் நடையும் சேர வேண்டும். சாயங்காலம் வாய்க்கால் கரையில் பேசிக்கொண்டே போகிற வேகம் போதும். அப்புறம், தொடங்கும் முன் 6 நிமிடத்தில் எவ்வளவு தூரம் நடக்கிறான் என்று குறித்துவையுங்கள். இரண்டு மாதம் கழித்து அதே இடத்தில் நடக்கவிட்டு ஒப்பிடலாம்.