முகத் தொய்வுக்கு ஃபேஸ்லிஃப்ட்: மகள் கல்யாணத்துக்கு முன் செய்துகொள்ளலாமா?

கேள்வி: எனக்கு வயது 57. பாபநாசம் பக்கம் கிராமம். ஆசிரியையாக இருந்து விருப்ப ஓய்வு வாங்கியவள். ஒன்பது வருடமாகச் சுகர் இருக்கிறது. பிரஷருக்கு மாத்திரை சாப்பிடுகிறேன், கூடவே சின்ன ஆஸ்பிரின் ஒன்று. இரண்டு வருடத்தில் 11 கிலோ எடை குறைந்தது. அதற்கப்புறம் கன்னம் ஒட்டிப்போய், தாடை ஓரத்தில் இரண்டு பக்கமும் சதை தொங்குகிறது. கழுத்தும் தளர்ந்துவிட்டது. கீழே கடைவாய்ப் பற்கள் நான்கை எடுத்தாகிவிட்டது. பார்க்கிறவர்கள் எல்லாம் "உடம்புக்கு என்ன டீச்சர்?" என்கிறார்கள். வரும் தையில் மகளுக்குக் கல்யாணம், இன்னும் மூன்று மாதம்தான் இருக்கிறது. சிங்கப்பூரில் இருக்கும் மகன் "ஃபேஸ்லிஃப்ட் பண்ணிக்கோம்மா, பணம் நான் தர்றேன்" என்கிறான். கத்தியே இல்லாமல் நூல் போட்டு ஒரு மணி நேரத்தில் தூக்கிவிடலாம் என்று போனில் விளம்பரம் வருகிறது. எனக்கு எது சரி? இந்த வயதில் இதெல்லாம் தேவையா என்று கணவர் கேட்கிறார்.

பதில்: உங்கள் கணவரின் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ஃபேஸ்லிஃப்ட், அதாவது தொய்ந்த முகத்தைத் தூக்கித் தைக்கும் ஆபரேஷன், செய்துகொள்கிறவர்களில் பெரும்பாலோர் ஐம்பதைத் தாண்டியவர்கள்தான். 57 தாமதமான வயது இல்லை. தன் முகம் நோயாளி முகம் மாதிரித் தெரிய வேண்டாம் என்று ஒரு பெண் நினைப்பதில் வெட்கப்பட எதுவும் இல்லை. வீட்டில் யாரும் இதைச் சொல்லி உங்களைக் குத்திக்காட்ட வேண்டியதில்லை.

ஆனால் தைக்கு முன் ஆபரேஷன் வேண்டாம். இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. காரணங்களைக் கீழே சொல்கிறேன்.

ஆபரேஷனைப் பற்றிப் பேசும் முன் அந்த 11 கிலோ என்னை உறுத்துகிறது. நீங்களாகச் சாப்பாட்டைக் குறைத்து, நடந்து இளைத்தீர்களா, அல்லது தானாகக் குறைந்ததா? கடிதத்தில் அது இல்லை. சுகர் கட்டுக்குள் இல்லாவிட்டாலும், தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும், காசநோயோ புற்றுநோயோ இருந்தாலும் எடை இப்படி இறங்கலாம். சில சுகர் மருந்துகளே எடையைக் குறைக்கும். காரணம் தெரியாமல் குறைந்திருந்தால் இந்த வாரமே உங்கள் சுகர் டாக்டரைப் பாருங்கள். முகத்தைப் பற்றி அப்புறம் பேசலாம். காரணம் தெரிந்ததுதான் என்றாலும் எடை ஆறு மாதமாவது ஏறாமல் இறங்காமல் நிற்க வேண்டும். செய்துகொண்ட பிறகு இன்னும் ஐந்து கிலோ குறைந்தால் தோல் மறுபடி தளரும்.

அடுத்தது பல். இதை நிறையப் பேர் யோசிப்பதே இல்லை. பல்லை எடுத்த இடத்தில் தாடை எலும்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். பந்தல்காலைப் பிடுங்கினால் மேலே துணி தொய்வது போல, உள்ளே தாங்கல் போனதும் கன்னமும் வாய் ஓரமும் உள்வாங்கும். அந்த முகத்தில் தோலை எவ்வளவு இழுத்துத் தைத்தாலும் ஒட்டிய கன்னம் ஒட்டினபடிதான் இருக்கும், சில சமயம் இன்னும் எடுப்பாகத் தெரியும். அதனால் உங்கள் முதல் செலவு பல் டாக்டரிடம் இருக்கட்டும். கழற்றி மாட்டும் பல்செட்டானாலும் சரி, எலும்பில் பதிக்கும் இம்ப்ளான்ட் ஆனாலும் சரி. பல்செட் என்றால் சில வாரங்களில் முடிந்துவிடும், கல்யாணத்துக்கு முன்பே வித்தியாசம் தெரியும். இம்ப்ளான்ட்டுக்கு மாதக்கணக்கில் ஆகும். சுகரும் கட்டுக்குள் இருக்க வேண்டும்.

முகத்தில் வயது பல அடுக்குகளில் வேலை செய்கிறது. தோலுக்கு உறுதி தரும் கொலாஜன் என்ற புரதத்தை வெயில் சிதைக்கிறது. தோலுக்குக் கீழே இருக்கும் கொழுப்புத் திட்டுகள் சிலது வற்றுகின்றன, சிலது இறங்குகின்றன. அவற்றைப் பிடித்திருந்த நார்கள் தளர்கின்றன, அடியில் எலும்பும் குறைகிறது. தாடை ஓரத்தில் தொங்குவது பெரும்பாலும் இறங்கிவந்த கொழுப்பும் தளர்ந்த தோலும். கன்னம் ஒட்டியது கொழுப்பு வற்றியதால். இறங்கியதைத் தூக்கலாம், வற்றியதை நிரப்பத்தான் வேண்டும். ஃபேஸ்லிஃப்ட் செய்வது தூக்கும் வேலையை மட்டும். உங்களிடம் இரண்டு பிரச்சினையும் இருக்கிறது. எந்த டாக்டர் ஆலோசனை சொன்னாலும், "இதில் எதைத் தூக்குவீர்கள், எதை நிரப்புவீர்கள்?" என்று கேளுங்கள். இரண்டையும் பிரித்துச் சொல்லத் தெரியாதவரிடம் முகத்தைக் கொடுக்காதீர்கள்.

இனி ஆபரேஷன். அந்தக் காலத்தில் தோலை மட்டும் இழுத்து, மிச்சத்தை வெட்டித் தைத்தார்கள். முகம் விறைப்பாகத் தெரியும், தழும்பு அகலமாகும், கொஞ்ச நாளில் பழையபடி இறங்கியும் விடும். 1976-இல் மிட்ஸ், பெய்ரோனி என்ற இரண்டு பிரெஞ்சு மருத்துவர்கள் தோலுக்கும் கொழுப்புக்கும் அடியில் உறுதியான சவ்வு அடுக்கு ஒன்று இருப்பதை விவரித்தார்கள். ஸ்மாஸ் என்று பெயர். அதன் பிறகு இழுவிசை முழுவதும் இந்த அடுக்குக்குப் போனது, தோல் வெறுமனே மேலே படிந்தால் போதும் என்றானது. இப்போது செய்யும் நல்ல ஃபேஸ்லிஃப்ட் எல்லாமே இந்த அடுக்கை ஏதோ ஒரு விதத்தில் தூக்குவதுதான். சிலர் அதை மடித்துத் தைப்பார்கள். சிலர் அதற்கும் கீழே போய், பிடிப்பு நார்களை விடுவித்து, மொத்தமாக மேலே ஏற்றுவார்கள். அதுதான் டீப் பிளேன். எது மேல் என்று பிளாஸ்டிக் சர்ஜன்களே இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை. என் அபிப்பிராயம், முறையின் பெயரைவிட அந்த முறையில் அந்தச் சர்ஜனுக்கு இருக்கும் கைப்பழக்கம் பெரிது.

காதுக்கு முன்னால் மட்டும் சின்னதாக வெட்டிச் செய்யும் மினி லிஃப்ட்டும் உண்டு. தொய்வு லேசாக இருப்பவர்களுக்கு அது போதும். கழுத்தும் தளர்ந்திருப்பதால் உங்களுக்குப் போதாது என்றே நினைக்கிறேன். உங்களுக்கு முழு ஃபேஸ்லிஃப்ட், மோவாய்க்கு அடியில் சின்ன வெட்டு வழியாகக் கழுத்துத் தசையை இறுக்குவது, வயிற்றிலோ தொடையிலோ இருந்து எடுத்த கொழுப்பைக் கன்னத்தில் வைப்பது என மூன்றும் சேர்ந்து தேவைப்படலாம். வைக்கும் கொழுப்பில் ஒரு பகுதி கரைந்துபோகும், அதை எதிர்பார்த்தே வைப்பார்கள். நெற்றிச் சுருக்கம், கண் இமை, மங்கு, உதட்டுக்கு மேல் மெல்லிய கோடுகள் எதுவும் இதில் சரியாகாது. செய்துகொண்ட பிறகும் வயது ஏறத்தான் செய்யும். ஏழு முதல் பத்து வருடம் வரை பலன் தெரியும்.

விளம்பரத்தில் வரும் நூல் சிகிச்சையைச் சொல்கிறேன். முள் போன்ற பிசிறுகள் உள்ள, கரையும் நூலைத் தோலுக்கடியில் செலுத்தித் தூக்குகிறார்கள். தொய்வு கொஞ்சமாக இருந்து, முகத்தில் சதைப்பிடிப்பும் இருந்தால் ஒரு வருடம் போல ஓரளவு பலன் இருக்கும். வற்றிய முகத்தில், மெலிந்த தோலில் நூலின் வரி தெரியும், குழி விழும். ஹைஃபு என்ற அல்ட்ராசவுண்ட் சூடும் லேசான தொய்வுக்குத்தான். கன்னம் ஏற்கெனவே ஒட்டியவர்களுக்கு இருக்கிற கொழுப்பும் குறைந்துபோகும் அபாயம் அதில் உண்டு. இரண்டையும் உங்களுக்கு நான் சொல்ல மாட்டேன்.

ஆபத்துகளில் நான் முதலில் வைப்பது ரத்தக்கட்டு. தோலுக்கடியில் ரத்தம் கசிந்து தேங்கும். பெரும்பாலும் முதல் 24 மணி நேரத்துக்குள் வரும். பிரஷர் ஏறினால் இதற்கு வாய்ப்பு அதிகம், ஆண்களுக்கு இன்னும் அதிகம். ஒரு பக்கம் மட்டும் திடீரென்று வலித்து வீங்கினால் உடனே திறந்து ரத்தத்தை எடுத்தாக வேண்டும், இல்லாவிட்டால் மேலே உள்ள தோல் கருகிவிடும். அதனால்தான், சென்னையில் செய்துகொண்டு அன்றிரவே உழவன் எக்ஸ்பிரஸ் ஏறி ஊர் வந்து சேரலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். எங்கே செய்தாலும் முதல் இரவு ஆஸ்பத்திரியில், முதல் வாரம் அதே ஊரில் இருங்கள்.

காது மடலுக்கு உணர்ச்சி தரும் நரம்பு அடிபட்டால் மடல் மரத்துப்போகும். முகத்தை அசைக்கும் நரம்பின் கிளை அடிபட்டால் புருவமோ உதட்டோரமோ ஒரு பக்கம் அசையாது. பெரும்பாலும் சில வாரங்களில், மாதங்களில் திரும்பிவிடும். நிரந்தரமாக நிற்பது நூற்றில் ஒருவருக்கும் குறைவு. நம் தோலுக்கு இன்னொரு கவலை தழும்பு. காது குத்திய இடத்தில் கட்டி மாதிரித் தழும்பு புடைத்திருந்தால் டாக்டரிடம் மறைக்காமல் காட்டுங்கள், காதுக்குப் பின்னால் போடும் தையலும் அப்படிப் புடைக்கலாம். தோடு கனத்தில் காது ஓட்டை கிழிந்திருந்தால் அதையும் அதே சமயத்தில் தைத்துக்கொள்ளலாம்.

உங்கள் மாத்திரைகளுக்கு வருகிறேன். ஆஸ்பிரினை நீங்களாக நிறுத்தவே கூடாது. அதை எதற்காகக் கொடுத்தார்கள் என்று கேளுங்கள். இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருந்தால், அழகுக்கான ஆபரேஷனுக்காக அதை நிறுத்துவது உயிரோடு விளையாடுவது. வெறும் தடுப்புக்காகத்தான் என்றால் உங்கள் டாக்டரே முன்கூட்டி நிறுத்தச் சொல்வார். சுகரின் மூன்று மாதச் சராசரி (எச்.பி.ஏ.1.சி. பரிசோதனை) 7 சதவீதத்தை ஒட்டி வரட்டும்; அதிகமாக இருந்தால் புண் ஆறாது, சீழ் பிடிக்கும். சில சுகர் மாத்திரைகளை மூன்று, நான்கு நாள் முன்பே நிறுத்த வேண்டியிருக்கும்; மயக்க டாக்டரிடம் சீட்டைக் காட்டுங்கள். நம் பக்கத்து வழக்கத்தில் வெற்றிலையோடு புகையிலை போடுகிறவராக இருந்தால், ஆபரேஷனுக்கு முன்னும் பின்னும் குறைந்தது நான்கு வாரம் தொடக்கூடாது. நிக்கோடின் ரத்தக்குழாயைச் சுருக்கும், தூக்கித் தைத்த தோலின் ஓரம் கருகிப்போகும். பாக்கு மட்டும் போட்டாலும் சொல்லுங்கள். வருடக்கணக்கில் பாக்கு மென்றவர்களுக்கு வாய் முழுதாகத் திறக்காது, மயக்கக் குழாய் வைப்பது சிரமமாகிவிடும்.

செய்துகொண்டால் நாட்கள் எப்படிப் போகும் என்றால், ஓரிரு நாள் கட்டு இருக்கும். தையலை ஒரு வாரம், பத்து நாளில் பிரிப்பார்கள். நீலமும் வீக்கமும் இரண்டு மூன்று வாரம் இருக்கும். மரத்துப்போன உணர்ச்சி திரும்ப மாதங்கள் ஆகும். முகம் தன் இடத்தில் அமர்ந்து நிற்க ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடம். இந்த மூன்று மாதத்தில் எடையைச் சோதித்து, பல் கட்டி, சுகரை இறக்கி, ஆபரேஷனும் செய்து, வீக்கம் வடிந்து மணமேடையில் நிற்க முடியாது. பந்தியும் பத்திரிகையுமாக அலைகிற நேரத்தில் தலையை உயர்த்திப் படுத்து ஓய்வெடுக்க யார் விடுவார்கள்?

கல்யாணத்துக்கு முன் ஏதாவது செய்தே ஆக வேண்டும் என்றால், சுகர் கட்டுக்குள் இருந்து, பல்செட்டும் வந்த பிறகு, பயிற்சி பெற்ற தோல் டாக்டரிடமோ பிளாஸ்டிக் சர்ஜனிடமோ கன்னத்தில் கொஞ்சமாக ஃபில்லர், அதாவது ஊசி வழியாக நிரப்பும் ஜெல், வைத்துக்கொள்ளலாம். குறைந்தது ஒரு மாதம் முன்பே செய்யுங்கள். ஹையலூரோனிக் அமில வகையாகவே இருக்கட்டும், தேவைப்பட்டால் அதைக் கரைக்க ஊசி உண்டு. ஃபில்லர் ரத்தக்குழாய்க்குள் போய்விட்டால் தோல் கருகலாம், அரிதாகப் பார்வைகூடப் போகலாம். அதனால் பியூட்டி பார்லரில் மட்டும் வேண்டவே வேண்டாம்.

இன்னொன்று, இது மற்ற வாசகர்களுக்கும். இரண்டு பக்கமும் மெல்ல மெல்லத் தொங்குவதுதான் வயது. ஒரு பக்கம் மட்டும் திடீரென்று வாய் கோணினால் அது பக்கவாதமாக இருக்கலாம், அந்த நிமிடமே 108-ஐக் கூப்பிடுங்கள்.

சர்ஜனைத் தேடும்போது பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சி.எச். அல்லது டி.ஆர்.என்.பி. என்ற சிறப்பு மேற்படிப்பு படித்தவரா என்று பாருங்கள். "காஸ்மெட்டிக் நிபுணர்" என்று போர்டு போட்டிருந்தால் மட்டும் போதாது. மயக்க டாக்டரும் ஐ.சி.யூ.வும் உள்ள ஆஸ்பத்திரியாக இருக்கட்டும். செலவு லட்சக்கணக்கில் வரும், அழகுக்கான ஆபரேஷனுக்கு மருத்துவக் காப்பீடு கிடைக்காது. இதை மகனிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

எல்லாம் சரியாக வந்து, அப்போதும் உங்களுக்கு வேண்டும் என்று தோன்றினால், ஆடி மாதத்தை யோசியுங்கள். முகூர்த்தம் இல்லாததால் வெளியே போகும் கட்டாயம் குறைவு, கத்திரி வெயிலும் ஓய்ந்திருக்கும். தழும்பு மங்கும்வரை வெளியே போனால் குடையும் சன்ஸ்கிரீனும் அவசியம், டாக்டர் சொல்லும்வரை தையல் இடத்தில் மஞ்சளோ எண்ணெயோ கூடாது. முதல் ஆலோசனைக்குப் போகும்போது நாற்பது வயது வாக்கில் எடுத்த உங்கள் போட்டோ ஒன்றையும் மாத்திரைச் சீட்டையும் கொண்டுபோங்கள். பல்செட்டைக் கழற்றாமல் மாட்டிக்கொண்டே போங்கள்.