50 வயசுக்கு மேல முகத்துக்கு தாவர எண்ணெய் தடவினா சுருக்கம் போகுமா?

போகாதுங்க. முதல்லயே சொல்லிடறேன், ஏன்னா அதை நம்பித்தான் நானும் ஆரம்பிச்சேன். ஆனா எண்ணெயே வேண்டாம்னு சொல்ல வரல, இன்னைக்கும் தினம் ராத்திரி தடவிட்டுத்தான் படுக்கறேன்.

எனக்கு 54 ஆகுது. பீரியட்ஸ் நின்னு ரெண்டு வருஷத்துல முகம் காஞ்சு போச்சு, குளிச்சிட்டு வந்தா கன்னம் ரெண்டும் இழுத்துப் பிடிக்கும். அந்த வயசுல ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் குறையறதால தோல் தானா சுரக்கற எண்ணெய் குறையுது, தோலை இறுக்கமா பிடிச்சு வைக்கற கொலாஜன்ங்கற புரதமும் குறையுது. தடவற எண்ணெய் முதல் குறையை ஓரளவு ஈடு கட்டும், கொலாஜன் தோலோட உள் அடுக்குல இருக்கற சமாச்சாரம், அங்க போய் இது ஒண்ணும் பண்ணாது. வறட்சியால வர்ற மெல்லிசு கோடுங்க மட்டும் ஈரம் நின்னா கொஞ்சம் அமுங்கித் தெரியும்.

நான் பண்ண தப்பு, ஆலிவ் ஆயிலை காஞ்ச முகத்துல அப்படியே வழிய வழிய தேய்ச்சது. ஒரே மாசத்துல இன்னும் சிவந்து, உரிய ஆரம்பிச்சிடுச்சு. எண்ணெய்ல தண்ணியே கிடையாது, இருக்கற ஈரம் போயிடாம மூடி வைக்கத்தான் அதால முடியும், ஈரமே இல்லாத முகத்துல எதை மூடும்? அதோட ஆலிவ்ல ஓலிக் ஆசிட்ங்கற கொழுப்பு அமிலம் ஜாஸ்தி, அது தோலோட மேல்தடுப்பைத் தளர்த்திடும். லினோலிக் ஆசிட்ங்கற இன்னொரு கொழுப்பு அமிலம் அதிகமா இருக்கற எண்ணெய் தடுப்பைத் தேத்தும், அதனால சூரியகாந்தி எண்ணெய்க்கு மாறினேன், அதுலயும் ஹை ஓலிக்னு லேபிள்ல போட்டிருந்தா அது வேற, எடுக்காதீங்க. காட்டு ரோஜா விதையில எடுக்கற ரோஸ்ஹிப் எண்ணெயும் நல்லாருக்கு.

முகம் கழுவி ஈரம் காயறதுக்குள்ள மாய்ஸ்சரைசர், அதுக்கு மேல 3, 4 சொட்டு, தேய்க்காம ஒத்தி எடுத்தா போதும். புதுசா வாங்கினதை முதல்ல முழங்கை மடிப்புல நாலஞ்சு நாள் தடவிப் பாருங்க. இந்த லினோலிக் எண்ணெயெல்லாம் சீக்கிரம் கெட்டுப் போகும், சின்ன பாட்டிலா வாங்கி வெளிச்சம் படாம வைங்க, சிக்கு வாடை வந்தா தயவுசெஞ்சு தூக்கிப் போட்டுடுங்க. வாசனைக்கு விக்கற எசென்ஷியல் ஆயிலை நேரா முகத்துல போடவே கூடாது, எலுமிச்சை மாதிரி சிலது வெயில் பட்டா தோலையே பொசுக்கிடும்.

சுருக்கத்துக்குன்னு கேட்டீங்கன்னா பகல்ல சன்ஸ்கிரீன், ராத்திரி டாக்டரைக் கேட்டு ரெட்டினாய்டு (வைட்டமின் ஏ வகை க்ரீம்), இது ரெண்டும்தான். எந்த எண்ணெயும் சன்ஸ்கிரீனுக்கு பதிலா ஆகாது. ரெட்டினாய்டு போட்டு தோல் உரிஞ்சப்போ எனக்கு கை கொடுத்தது அந்த நாலு சொட்டு எண்ணெய்தான், கழுத்துக்கும் சேர்த்தே போடுங்க, நான் அதை ரொம்ப லேட்டா ஆரம்பிச்சேன்.