சுமையாக வந்தவர்கள் – கடிதம்

அன்புள்ள அண்ணா,

ஐஸ் ஹாக்கி பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து வாசிக்கிறேன். ஒரு சந்தேகம். 2019 ஜூனில் டொரன்டோ மேப்பிள் லீஃப்ஸ், பேட்ரிக் மார்லோவின் ஒப்பந்தத்தைத் தலையிலிருந்து இறக்கிவைப்பதற்காக, தன் முதல் சுற்று டிராஃப்ட் தேர்வையே கரோலினாவுக்குத் தூக்கிக் கொடுத்தது. அந்தத் தேர்வில் கரோலினா எடுத்த பையன்தான் சேத் ஜார்விஸ். அவர் கோல் அடிக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது. அடிமட்டத்தில் கிடக்கும் அணிகள் எல்லாம் ஆண்டுதோறும் இப்படி அடுத்தவர்களின் மோசமான ஒப்பந்தங்களை வாங்கிக்கொண்டு தேர்வுகளைச் சேர்த்தால் என்ன? எப்படியும் தோற்கத்தானே போகிறார்கள்? சம்பள வரம்பில் காலியாகக் கிடக்கும் இடத்தை வாடகைக்கு விடுவதில் என்ன நஷ்டம்?

எஸ்.,
மார்க்கம்

*

அன்புள்ள எஸ்.,

வாங்கலாம். என்னைக் கேட்டால் வாங்கத்தான் வேண்டும். ஆனால் ‘என்ன நஷ்டம்’ என்று சட்டெனக் கேட்டுவிட்டீர்கள் பாருங்கள், அங்கேதான் உங்களோடு ஒத்துப்போக முடியவில்லை.

இந்தக் கணக்கு பழக்கமில்லாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். டிராஃப்ட் என்பது அணிகள் ஆண்டுதோறும் இளம் வீரர்களை முறைவைத்துத் தேர்ந்தெடுப்பது. என்ஹெச்எல் என்ற வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி லீக்கில் ஓர் அணி வீரர்களின் சம்பளத்துக்கு ஒதுக்கும் தொகைக்கு மேல்வரம்பு உண்டு, கீழ்வரம்பும் உண்டு. 2019-20 பருவத்தில் மேல்வரம்பு 81.5 மில்லியன் டாலர். அதில் மார்லோ ஒருவரே 6.25 மில்லியன். தன் இளம் நட்சத்திரம் மிட்ச் மார்னருக்குப் புது ஒப்பந்தம் போட டொரன்டோவுக்கு அந்த இடம் வேண்டியிருந்தது. மார்லோவோ 35 வயதைத் தாண்டிக் கையெழுத்துப் போட்டவர். அப்படிப்பட்டவரைக் கணக்குத் தீர்த்து வெளியே அனுப்பினாலும் அந்தத் தொகை வரம்பிலிருந்து கழியாது. அதனால் வேறொருவர் தலையில் கட்டியாக வேண்டிய நிலை. கரோலினா அவரை வாங்கி, ஒரு வாரத்துக்குள் கணக்குத் தீர்த்து அனுப்பிவிட்டது. தன் அணிச் சட்டையை ஒருநாள்கூடப் போடாதவருக்கு முதலாளி சில மில்லியன் டாலரை எடுத்துவைத்தார். 2020 டிராஃப்டில் 13ஆவது இடத்தில் ஜார்விஸ் வந்தார்.

இதில் நீங்கள் கவனிக்காத ஒன்று இருக்கிறது. அப்போது கரோலினா அடிமட்டத்தில் கிடந்த அணி அல்ல. அதற்கு ஒரு மாதம் முன்புதான் கிழக்குப் பிரிவின் இறுதிவரை போயிருந்தது. மார்லோவைச் சுமந்த அந்த ஓராண்டும் ஜெயிக்கத்தான் ஆடினார்கள். ஒரே ஓர் ஆண்டுச் சுமை, செலவழிக்கத் தயங்காத முதலாளி, ஆட்டத்தைக் கைவிடாத அணி. மூன்றும் சேர்ந்ததால் அது நல்ல வியாபாரம்.

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பார்கள். இது தானம் இல்லை, எஸ். பல்லைப் பிடித்துப் பார்த்தே ஆக வேண்டும்.

2013 ஜூன் 24, பாஸ்டன். ஸ்டான்லி கோப்பை இறுதிச்சுற்றின் ஆறாவது ஆட்டம். சிகாகோ 1-2 என்று பின்தங்கி நிற்கிறது. 1 நிமிடம் 16 விநாடி மிச்சம் இருக்கும்போது பிரையன் பிக்கல் சமன் செய்கிறார். அடுத்த 17 விநாடிக்குள் டேவ் போலண்ட் இன்னொன்று அடிக்கிறார். கோப்பை சிகாகோவுக்கு. அன்று தொலைக்காட்சி முன்னால் நான் எழுந்து நின்றது நினைவிருக்கிறது. முதல் கோலின் ஆரவாரம் அடங்குவதற்குள் இரண்டாவது விழுந்துவிட்டது.

அந்தக் கோடையில் பிக்கலுக்குச் சிகாகோ நான்கு ஆண்டுகளுக்கு 16 மில்லியன் கொடுத்தது. போலண்ட் நம் டொரன்டோவுக்கு வந்தார். அந்த நவம்பரிலேயே வான்கூவரில் ஒருவரின் ஸ்கேட் வெட்டிக் கணுக்காலில் தசைநார் அறுந்தது. அடுத்த ஆண்டு ஃப்ளோரிடா அவருக்கு ஐந்து ஆண்டுகளுக்கு 27.5 மில்லியன் எழுதிக்கொடுத்தது. அப்புறம் 2016 கோடை. பிக்கலைக் கழற்றிவிட, டெவூ தெராவெய்னன் என்ற 21 வயது நல்ல ஆட்டக்காரரையும் சேர்த்துக் கரோலினாவிடம் ஒப்படைத்தது சிகாகோ. ஆடவே முடியாமல் இருந்த போலண்டைக் கழற்றிவிட, லாசன் க்ரவுஸ் என்ற இளைஞரையும் சேர்த்து அரிசோனாவிடம் கொடுத்தது ஃப்ளோரிடா. 17 விநாடி இடைவெளியில் கோப்பை வாங்கிக் கொடுத்த இருவரும் ஒரே கோடையில் இரண்டு அணிகளின் ‘மோசமான ஒப்பந்தங்கள்’ ஆனார்கள்.

பிக்கல் சோம்பேறியாகிவிட்டார், பணம் வந்ததும் கால் ஓடவில்லை என்று நாங்கள் எல்லோரும் பேசினோம். நானும் பேசியிருக்கிறேன். 2015 இறுதிச்சுற்றிலேயே தலைச்சுற்றல் என்று அவர் சில ஆட்டங்கள் வெளியே உட்கார்ந்திருந்தார். யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கரோலினாவுக்குப் போன சில மாதங்களில், 2016 நவம்பரில், மல்டிபிள் ஸ்க்ளெரோசிஸ் என்று கண்டுபிடித்தார்கள். நரம்பு மண்டலத்தைத் தாக்கும் நோய். அதற்குப் பிறகும் திரும்பி வந்தார். 2017 ஏப்ரலில் பிலடெல்ஃபியாவில் பருவத்தின் கடைசி ஆட்டம், அவருக்கும் அதுவே கடைசி. ஆட்டம் சமனாகி ஷூட்அவுட்டுக்குப் போனது, அதாவது ஒவ்வொருவராகக் கோல்காப்பாளரை எதிர்கொண்டு அடிக்கும் சுற்றுக்கு. பயிற்சியாளர் பிக்கலை அனுப்பினார். மெதுவாக வந்து கோல்காப்பாளரை ஏமாற்றி உள்ளே தள்ளினார். பெஞ்சில் இருந்த அத்தனை பேரும் எழுந்துவிட்டார்கள். அன்றிலிருந்து ஒரு வீரரை ‘மோசமான ஒப்பந்தம்’ என்று சொல்ல எனக்கு நா எழுவதில்லை. இந்தப் பதிலில் உங்கள் சொல்லாகத்தான் அதை எழுதுகிறேன்.

சரி, அரிசோனாவுக்கு வருகிறேன். நீங்கள் சொல்லும் திட்டத்தை ஆண்டுக்கணக்கில் நடத்திய அணி அது. கிறிஸ் ப்ராங்கர், பவெல் டாட்சுக், போலண்ட், மரியன் ஹோசா என்று அவர்கள் கணக்கில் இருந்த பெயர்களை வைத்தே ஒரு கோப்பை அணி அமைக்கலாம். நால்வரில் ஒருவர்கூட அரிசோனாவுக்காகப் பனியில் இறங்கவில்லை. 2016-17இல் கீழ்வரம்பு 54 மில்லியன். அதில் 7.5 மில்லியன், அதாவது கிட்டத்தட்ட ஏழில் ஒரு பங்கு, ரஷ்யாவுக்குத் திரும்பிப்போய் அங்கே ஆடிக்கொண்டிருந்த டாட்சுக்கின் பெயரில். கையிலிருந்து அவருக்கு ஒரு டாலர்கூடப் போகவில்லை. ரசிகனுக்குக் குறைந்தபட்சம் ஒரு நல்ல அணியையாவது காட்டு என்பதற்காக வைத்த கீழ்வரம்பை, ஆடாதவர்களின் பெயர்களை எழுதி நிரப்பிக்கொண்டார்கள்.

தேர்வுகள் வந்தன, மறுக்கவில்லை. டாட்சுக்கோடு வந்த 16ஆவது தேர்வில் ஜேக்கப் சிக்ரன் கிடைத்தார். 2021இல் வான்கூவரோடு நடந்த பெரிய பரிமாற்றத்தில் அவர்களுடைய மூன்று கனமான ஒப்பந்தங்களை ஏற்றுக்கொண்டபோது 9ஆவது தேர்வும் வந்தது. அதில் டிலன் குந்தரை எடுத்தார்கள். அருமையான கை.

ஆனால் அந்த அணிக்குச் சொந்த அரங்கம் அமையவில்லை. கடைசி இரண்டு பருவங்களைப் பல்கலைக்கழக அரங்கம் ஒன்றில், 5,000 பேர்கூட உட்கார முடியாத இடத்தில் ஆடினார்கள். 2024 ஏப்ரலில் அணியே சால்ட் லேக் சிட்டிக்குப் போய்விட்டது. அந்த அக்டோபர் 8ஆம் தேதி, புது ஊரில் முதல் ஆட்டம், சிகாகோவுக்கு எதிராக. புது அணியின் வரலாற்றில் முதல் கோலை அடித்தவர் குந்தர். அரிசோனாவில் பொறுமையாகத் தோல்விகளைப் பார்த்துக்கொண்டு, ‘நாளைக்கு நமக்கும் ஒரு அணி வரும்’ என்று சீசன் டிக்கெட் வாங்கியவர்களுடைய நாளை அது. வேறு ஊர்க்காரர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். நஷ்டம் என்ன என்று கேட்டீர்களே, அவர்களிடம் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. அணி இடம்மாறியதற்கு வாங்கிய ஒப்பந்தங்கள்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை. அவர்கள் கொடுத்த விலையைச் சொல்கிறேன்.

இன்னொன்று, இந்த வியாபாரம் பின்னர் இன்னும் சூடானதற்கு ஒரு காரணம் பெருந்தொற்றால் மேல்வரம்பு மூன்று பருவம் 81.5 மில்லியனிலேயே நின்றது. எல்லோருக்கும் மூச்சு முட்டியது. 2025-26இல் அது 95.5 மில்லியன். இனி ஒரு சுமையை இறக்க முதல் சுற்றுத் தேர்வைக் கொடுக்கும் அவசரம் அவ்வளவு பேருக்கு இருக்காது.

எனக்குப் பிடித்த வழி மொன்ட்ரியால் செய்தது. 2022 ஆகஸ்டில் புதிதாக எடுக்கும் நசீம் காட்ரிக்குச் சம்பள வரம்பில் இடம் வேண்டும் என்று, இடுப்பு அறுவை சிகிச்சைகளால் தளர்ந்திருந்த ஷான் மொனஹனை ஒரு முதல் சுற்றுத் தேர்வோடு கால்கரி தள்ளிவிட்டது. 6.375 மில்லியன், ஓராண்டு மிச்சம். மொன்ட்ரியால் அவரைக் கணக்குப் புத்தகத்தில் பூட்டி வைக்கவில்லை, ஆடவிட்டது. 25 ஆட்டங்களில் மறுபடி காயம். அப்போதும் விடாமல் 1.985 மில்லியனுக்கு இன்னோர் ஆண்டு வைத்துக்கொண்டது. அடுத்த பருவத்தில் 49 ஆட்டங்களில் 35 புள்ளிகள் (கோல்களும் கோலுக்கு உதவியவையும் சேர்த்து) எடுத்தார். 2024 பிப்ரவரியில் அதே மொனஹனுக்காக வின்னிபெக் இன்னொரு முதல் சுற்றுத் தேர்வைக் கொடுத்தது.

மார்லோவைப் பற்றியும் ஒன்று. நாம் கழித்துக்கட்டிய பிறகு அவர் சான் ஹோசேவுக்குத் திரும்பி, 2021 ஏப்ரலில் 1,768ஆவது ஆட்டம் ஆடி அதிக ஆட்டங்கள் ஆடியவர் என்ற கோர்டி ஹோவின் சாதனையைக் கடந்தார். அன்று எதிரணியான வேகஸின் வீரர்களும் வரிசையாக வந்து அவருக்குக் கைகொடுத்தார்கள். ஜார்விஸ் அடுத்த கோல் அடிக்கும்போது வயிறு எரிந்தால், அந்தக் காட்சியை ஒருமுறை தேடிப் பாருங்கள்.

அன்புடன்